அரைப் பேர்

சென்ற மாதம் ஒரு வாசகர் எனக்கு நீண்ட கடிதம் எழுதியிருந்தார். தாம்பரத்துக்காரர், ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர், என் நாவல்களை ஒன்று விடாமல் படித்தவர். இரண்டு பக்கம் என்னைப் புகழ்ந்துவிட்டு மூன்றாவது பக்கத்தில் விஷயத்துக்கு வந்தார். "ஒரகடம் பக்கத்தில் ஒரு மனை வாங்கிப் போட்டிருக்கிறேன். போய்ப் பார்த்தால் தெருவெல்லாம் வடக்கத்தியான். டீக்கடையில் இந்தி, சலூனில் இந்தி, பஸ்ஸில் இந்தி. நம் பையன்களுக்கு வேலை இல்லை. தமிழ் எழுத்தாளராகிய தாங்கள் இதைப் பற்றி ஒரு வரி எழுதக் கூடாதா?" என்று கேட்டிருந்தார். கடைசியில் ஒரு பின்குறிப்பு. புதுமைப்பித்தனின் 'துன்பக் கேணி'யை மறுபடியும் படித்தாராம். அன்று இரவு முழுவதும் தூக்கம் வரவில்லையாம்.

கடிதத்தை மட்டும் படித்திருந்தால் மடித்து வைத்திருப்பேன். அந்தப் பின்குறிப்பு என்னை விடவில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன ஜனங்களின் கதை அது. பிழைக்கப் போன தமிழனை நினைத்துத் தூக்கம் இழக்கும் மனிதர், பிழைக்க வந்த ஒரிஸ்ஸாக்காரனைப் பார்த்து முகம் சுளிக்கிறார். இரண்டும் ஒரே இதயத்தில் நடக்கிறது. ஒன்று மற்றொன்றைத் தட்டிக் கேட்கவில்லை. இவர் ஒருவர் மட்டும் இப்படி இருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். நம்மில் பெரும்பாலோர் இப்படித்தான் இருக்கிறோம். கதை படித்து அழுவதற்கு ஒரு கண், தெருவைப் பார்ப்பதற்கு ஒரு கண் என்று இரண்டு கண்ணையும் தனித்தனியே வைத்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, நண்பர் சொன்னதையும் பார்த்துவிடலாம் என்று ஒரு நாள் மாலை ஒரகடம் போனேன்.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் குறுக்கிடுகிற கூட்டு ரோடு அது. ஒரு காலத்தில் ஏரியும் வயலும் பனையுமாக இருந்த பூமி. 1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தொழிற்சாலை வந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது. 2014-ல் கதவைச் சாத்திக்கொண்டு போயும் விட்டது. இன்னும் எத்தனையோ கம்பெனிகள் காரும் லாரியும் டயரும் மோட்டார் சைக்கிளும் செல்போனும் ஏர்கண்டிஷனரும் செய்து தேச தேசாந்தரங்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கின்றன. 'இந்தியாவின் டெட்ராய்ட்' என்று நமக்குப் பெருமை வேறு. பெருமைப்பட வேண்டியதுதான், நான் அதை மறுக்கவில்லை.

ஷிப்டு விடும் நேரம். வெள்ளை வெள்ளையாகக் கம்பெனி பஸ்கள் போயின. பஸ்ஸில் இடம் இல்லாதவர்கள், அதாவது பஸ்ஸுக்கே உரிமை இல்லாதவர்கள், சாலையோரம் கூட்டம் கூட்டமாக நடந்து வந்தார்கள். எல்லோர் கழுத்திலும் அடையாள அட்டை. பட்டையின் நிறம் வேறு வேறு. நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு நிறம், பயிற்சி பெறுகிறவனுக்கு ஒரு நிறம், ஒப்பந்தக் கூலிக்கு ஒரு நிறம். கழுத்தைப் பார்த்தே ஒரு மனிதனின் விலையைச் சொல்லிவிடலாம்.

டீக்கடை பெஞ்சில் ஒரு பையன் நகர்ந்து எனக்கு இடம் விட்டான். "சார், நீ உக்காரு" என்றான். நம் மொழியில் மரியாதை விகுதி இருப்பதை அவனுக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. ஏன் கற்றுக் கொடுக்கவில்லை என்று யோசித்தேன். அவனிடம் யாரும் மரியாதை விகுதி போட்டுப் பேசினதில்லை. காதில் விழாத சொல் வாயில் எப்படி வரும்?

இருபத்திரண்டு வயது இருக்கும். பாலசோர் பக்கத்துக் கிராமம். டம்ளரை இடது கையால் பிடித்திருந்தான். வலது கையில் இரண்டு விரல்களுக்கு நுனி இல்லை.

"என்ன தம்பி, கை?"

"பிரஸ் மெஷின் சார்."

"எந்தக் கம்பெனி?"

அவன் ஒரு மனிதனின் பெயரைச் சொன்னான். அது அவனை அழைத்து வந்த ஒப்பந்தக்காரனின் பெயர். தொழிற்சாலைக்கு என்ன பெயர் என்று மறுபடியும் கேட்டேன். சொன்னான்; ஆனால் அது தன்னுடைய கம்பெனி இல்லை, அங்கே தான் வேலை செய்வது மட்டும்தான் என்றான். சட்டப் புத்தகத்தை எழுதிய மேதாவிகளுக்கே குழப்பமாக இருக்கும் தத்துவத்தை இரண்டு விரல் கொடுத்து அவன் தெளிவாகக் கற்றிருந்தான்.

"சம்பளம் எவ்வளவு?"

"கையிலே பதினொண்ணு வரும் சார்."

"பதினோராயிரமா? பிடித்தம் போகவா? மொத்தம் எவ்வளவு?"

"அது டேகேதாருக்குத்தான் தெரியும்."

விபத்து நடந்த அன்று அவனை ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. பக்கத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் கட்டுப் போட்டு, ரூமில் தவறி விழுந்ததாக எழுதிக்கொண்டார்களாம். நஷ்ட ஈடு? சிரித்தான். ஆதார் அட்டை? அது சூபர்வைசரிடம் இருக்கிறது, 'பத்திரமாக' இருக்கிறது.

கடைக்காரர் எனக்கு டீயை நீட்டிக்கொண்டே சொன்னார்: "ஐயா, இந்தப் பசங்க ஹோலிக்கு ஊருக்குப் போயிட்டா பத்து நாள் எனக்கு அடுப்பே எரியாது. ஆனா இவனுங்க இங்கே இருக்கிறதா எந்தக் கணக்கிலேயும் இல்லை."

கடைக்காரர் சொன்ன அந்தக் 'கணக்கு' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

*

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நம் ஜனங்கள் ஒரு சொல்லை வழங்கி வந்தார்கள். ஒரு நாள் வேலையை, அந்த வேலைக்குரிய கூலியை, அவர்கள் 'பேர்' என்பார்கள். காலையில் பெரட்டுக் களத்தில் நின்று செக்ரோலில் பேர் விழுந்தால்தான் அன்றைக்குச் சோறு. கொழுந்து குறைந்தாலும், பாதியில் திரும்பினாலும் 'அரைப் பேர்'. மனிதனுடைய பேரை இரண்டாக வெட்டிப் பாதியை ஏட்டில் எழுதுகிற கணக்கு அது. தமிழில் இதைவிடக் கொடிய தொகைச்சொல் வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

அவர்களை அங்கே அழைத்துப் போனவன் கங்காணி. அவன் வெள்ளைக்காரன் அல்ல. நம் ஊர்க்காரன், பெரும்பாலும் உறவுக்காரன். முன்பணம் கொடுப்பான், அந்தப் பணம் கடனாக ஏறும். காப்பித் தோட்டக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரையில் காட்டு வழியே நடத்திக்கொண்டு போவார்கள். வழியில் விழுந்தவர்கள் விழுந்த இடத்தில் கிடந்தார்கள். எத்தனை ஆள் வேலைக்கு இறங்கினார்களோ அத்தனை தலைக்குக் கங்காணிக்குக் காசு. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அவன் கடன் இவ்வளவு, இதைக் கட்டினால் ஆளை விடலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு வேண்டும். அதற்குத் 'துண்டு' என்று பெயர். அந்தத் துண்டு முறையை 1921-ல் ஒழித்தார்கள்.

ஒழித்தார்களா? ஒரகடத்து சூபர்வைசரின் மேஜை அறையில் 'பத்திரமாக' இருக்கும் ஆதார் அட்டைக்கு என்ன பெயர் வைப்பது? தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கும் டேகேதாருக்கு என்ன பெயர் வைப்பது? கங்காணி சாகவில்லை ஐயா. வேட்டியைக் களைந்துவிட்டுப் பேண்ட் போட்டுக்கொண்டிருக்கிறான். கையில் பிரம்புக்குப் பதில் செல்போன் வைத்திருக்கிறான். அன்று கப்பலில் ஏற்றினவன் இன்று ரயிலில் ஏற்றுகிறான். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு: அன்று நாம் நடந்து போனோம், இன்று நம் வாசலுக்கு வருகிறார்கள்.

கங்காணி முறையை வெறுப்பதற்குத் தமிழனைப் போல் தகுதி உள்ளவன் உலகத்தில் குறைவு. இலங்கையை வளமாக்கிய நம் மக்களை 1948-ஆம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டம் ஒரே வீச்சில் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கு போட்டார்கள். 2013 டிசம்பர் 8-ஆம் தேதி சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் பஸ்ஸில் அடிபட்டு இறந்து, அங்கே கலவரம் மூண்டபோது, 'நம் பையன்கள் அங்கே எப்படி இருக்கிறார்களோ' என்று இங்கே ஒவ்வொரு வீட்டிலும் கவலைப்பட்டோம். வளைகுடா நாட்டு முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறான் என்று படித்தால் நம் இரத்தம் கொதிக்கிறது. கொதிக்கட்டும், நியாயமான கொதிப்பு. அந்த இரத்தம் ஒரகடம் கூட்டு ரோட்டுக்கு வந்ததும் ஏன் ஆறிப்போகிறது? இதுதான் என் கேள்வி.

*

"இதற்கெல்லாம் சட்டம் இல்லையா?" என்று கேட்பீர்கள். இருந்தது. நல்ல சட்டம்.

ஒரிஸ்ஸாவில் 'தாதன்' கூலிகள் என்று பெயர் பெற்ற ஏழைகளைத் தரகர்கள் கூட்டம் கூட்டமாக ஓட்டிக்கொண்டு போய்த் தூர தேசங்களில் சக்கையாகப் பிழிந்த கதைகள் வெளிவந்த பிறகு, 1979-ல் பார்லிமெண்டு மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டத்தைச் செய்தது. வெளிமாநிலத்தார் 5 பேர் வேலை செய்தாலே அந்த இடத்துக்குச் சட்டம் உண்டு. ஒவ்வொருவனுக்கும் அவனுக்குத் தெரிந்த மொழியில் புகைப்படத்தோடு ஒரு கணக்குப் புத்தகம் கொடுக்க வேண்டும். கூலி என்ன, பிடித்தம் என்ன, ஊர் திரும்பக் காசு எவ்வளவு என்று அதில் எழுத வேண்டும். அதே வேலையைச் செய்கிற உள்ளூர்க்காரனுக்கு என்ன கூலியோ அதற்குக் குறையக் கூடாது. ஊரை விட்டு வந்ததற்காக மாதக் கூலியில் பாதி இடப்பெயர்வுப் படி. வழிச் செலவு. இருக்க இடம், வைத்தியம். ஒப்பந்தக்காரன் கூலி கொடுக்காமல் ஓடிப்போனால் தொழிற்சாலை முதலாளியே கொடுக்க வேண்டும்.

படிக்கும்போது கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல் இருக்கிறதல்லவா? துண்டுச் சீட்டு தொழிலாளியைக் கட்டிப்போட்டது. இந்தக் கணக்குப் புத்தகம் ஒப்பந்தக்காரனைக் கட்டிப்போட வேண்டும் என்பது சட்டம் செய்தவர்களின் எண்ணம். நான் ஒரகடத்தில் அன்று ஏழெட்டுப் பேரைக் கேட்டேன். அப்படி ஒரு புத்தகத்தைக் கண்ணால் பார்த்தவன் ஒருவன்கூட இல்லை.

சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. ஒப்பந்தக்காரன் ஊரிலிருந்து அழைத்து வந்தவனுக்குத்தான் அந்த உரிமைகள். "நான் அழைத்து வரவில்லை, மாமன் மகனைப் பார்க்க வந்தான், வேலை கேட்டான், போட்டுக் கொடுத்தேன்" என்று அவன் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

இப்போது அந்தச் சட்டமும் போய்விட்டது. 2020-ல் நிறைவேறி, 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கும் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதை விழுங்கிக்கொண்டது. நியாயம் பேசுகிறவன் இரண்டு பக்கமும் பேச வேண்டும். ஆகையால் நல்லதை முதலில் சொல்கிறேன். அந்தச் சந்தைப் புதுச் சட்டம் அடைத்திருக்கிறது: மாதம் 18,000 ரூபாய் வரையில் வாங்குகிறவன் தானாக வந்திருந்தாலும் புலம்பெயர்ந்த தொழிலாளிதான் என்கிறது. ஊர் போய்வர வழிச் செலவு உண்டு என்கிறது. ரேஷனை எந்த ஊரிலும் வாங்கலாம் என்கிறது. சந்தோஷம். ஆனால் 5 பேர் என்று இருந்ததை 10 பேர் ஆக்கிவிட்டது. பாதிக் கூலிக்குச் சமமான இடப்பெயர்வுப் படியை எடுத்துவிட்டது. முன்பு 20 ஆட்களை வைத்தால் ஒப்பந்தக்காரன் லைசென்ஸ் வாங்க வேண்டும். இனிமேல் 50 ஆட்களுக்குக் குறைந்தால் வாங்க வேண்டாம். கங்காணிக்கு இதைவிட என்ன வேண்டும்? ஐம்பது தலைகளை ஐந்து மச்சான்கள் பெயரில் பங்கு போட்டுக்கொள்வதற்கு அவனுக்கு வக்கீல் தேவையில்லை.

*

இனி நண்பரின் கட்சியைப் பார்க்கலாம். மூன்று வாதங்கள் சொல்கிறார். ஊரில் எல்லோரும் சொல்கிற வாதங்கள்தான்.

முதல் வாதம்: அவர்கள் இஷ்டப்பட்டுத்தானே வருகிறார்கள்? யார் கட்டாயப்படுத்தினார்கள்?

இலங்கைக்குப் போனவர்களையும் யாரும் சங்கிலி போட்டு இழுக்கவில்லை. கங்காணியின் முன்பணத்தில் அவர்களும் கைநாட்டு வைத்தார்கள். பசி பிடித்து இழுத்து வைத்த கைநாட்டைச் சம்மதம் என்று எந்தக் கோர்ட்டாவது ஒப்புக்கொண்டால் நான் என் கட்சியை விட்டுவிடுகிறேன். ஊரில் நிலம் இல்லை; இருந்தால் வெள்ளம் கொண்டு போகிறது; தங்கைக்குக் கல்யாணம் ஆகவேண்டும். இஷ்டமாம், இஷ்டம்!

2023 ஜூன் 2-ஆம் தேதி பாலசோர் மாவட்டத்துப் பாஹாநாகா பஜாரில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்துக்குள்ளாகி 290-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். முன்பதிவு இல்லாத பெட்டிகளில் நெருக்கியடித்துக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டவர்கள் அவர்களில் பலர். அந்தப் பெட்டிகளில் வருகிறவனுக்குப் பெயர்ப் பட்டியல் கிடையாது. நாலு மாதம் காத்திருந்தும் யாரும் உரிமை கோராத 28 சடலங்களை அந்த வருஷம் அக்டோபரில் புவனேசுவரத்தில் தகனம் செய்தார்கள். ஒரு பேர் எழுதாத ஏட்டின் விலை அது.

இரண்டாவது வாதம்: அவர்கள் வந்ததால் நம் பையன்களுக்கு வேலை இல்லை.

இதை நான் கேலி செய்ய மாட்டேன். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் நிலத்தைக் கொடுத்துவிட்டு, டிப்ளமா படித்த மகனை வீட்டில் வைத்துக்கொண்டிருக்கும் தகப்பனின் வயிற்றெரிச்சல் உண்மையானது. ஆனால் அவர் ஒன்றை யோசிக்க வேண்டும். பக்கத்துத் தெருவில் இருக்கும் பையனை விட்டுவிட்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் ஆள் தேடுகிறானே, அந்தப் பையனிடம் என்ன விசேஷத் தகுதியைக் கண்டான்?

நான் சொல்கிறேன். அவனுக்கு இங்கே ஓட்டு இல்லை. லேபர் ஆபீசு எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்தாலும் பாஷை தெரியாது. பன்னிரண்டு மணி நேரம் வேலை என்றால் சாயங்காலம் அவனைத் தேடி ஒரு தாய் கேட்டுக்கு வரமாட்டாள். ரூம் டேகேதாருடையது, ஆகையால் வேலை போனால் படுக்கையும் போகும். விரல் போனால் ஊரார் திரண்டு வந்து கேட்க மாட்டார்கள். இதுதான் அவன் தகுதி! அவனுடைய உரிமையின்மையைத்தான் நம் முதலாளிகள் கூலிக்கு அமர்த்தியிருக்கிறார்கள். அவன் கையில் இருப்பதாகச் சொல்லும் திறமை எல்லாம் அதற்குப் பிற்பாடுதான்.

அப்படியானால் வைத்தியம் என்ன? அவனை விரட்டுவதா? விரட்டினால் நாளைக்கு வேறொரு வறண்ட சீமையிலிருந்து வேறொருவனை அழைத்து வருவான். அவனுக்கும் உள்ளூர்ப் பையனுக்கும் ஒரே கூலி, ஒரே மணி, ஒரே ஆஸ்பத்திரி என்று ஆக்கிவிட்டால், ஆயிரம் மைல் போய் ஆள் பிடித்து வருவதில் லாபம் என்ன இருக்கிறது? ஒரிஸ்ஸாப் பையனுக்கு உரிமை வாங்கிக் கொடுப்பதுதான் உங்கள் வீட்டுப் பையனுக்கு வேலை வாங்கிக் கொடுக்கும் குறுக்கு வழி. இந்தச் சாதாரணக் கணக்கு கங்காணிக்குத் தெரிந்திருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை.

உள்ளூர்ப் பையன் மட்டும் என்ன சுகத்தைக் கண்டான்? 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவனை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981-ல் தமிழ்நாடு ஒரு சட்டம் செய்தது. அந்த 480-ஆவது நாள் வராமல் பார்த்துக்கொள்ளும் வித்தைகள் ஊரறிந்தவை. 2021 டிசம்பரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பூந்தமல்லியில் பாக்ஸ்கான் தொழிலாளப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு விஷமாகி, 150-க்கு மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். தோழிகள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. செத்துவிட்டார்கள் என்று வதந்தி கிளம்பியது. அந்தப் பெண்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் பீகாரிகள் அல்ல. தமிழ்நாட்டுப் பல ஜில்லாக்களிலிருந்து வந்த நம் வீட்டுப் பெண்கள். பலர் ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்கள். புலம்பெயர்வதற்கு மாநில எல்லையைத் தாண்ட வேண்டியதில்லை. தாயின் கண்ணுக்கு எட்டாத தூரம் போதும்.

அந்த ரோட்டு மறியலின் பலனாகச் சில நன்மைகள் விளைந்தன என்பதையும் சொல்ல வேண்டும். தொழிற்சாலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12-ல்தான் திறந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குவதற்கு 706 கோடி ரூபாய்ச் செலவில் விடுதி திறந்தார்கள். நல்ல காரியம். ஆனால் கூரை போட்டுக் கொடுப்பதும் உரிமை கொடுப்பதும் ஒன்றல்ல. மாட்டுக்கும் கொட்டகை போடுகிறோம்.

2024 செப்டம்பர் 9-ல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி 37 நாள் வெளியே உட்கார்ந்தார்கள். கூலி, மணி என்று பல கோரிக்கைகள் இருந்தாலும் பெரிய தகராறு சங்கத்துக்கு அங்கீகாரம் வேண்டும் என்பது. அதிலும் சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற சொல் வரக்கூடாது என்று கம்பெனி ஆட்சேபித்தது. 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவாயிற்று. கம்பெனியின் பேர் தொழிலாளியின் சட்டையில் இருக்கலாம், சங்கத்தின் பலகையில் இருக்கக் கூடாதா? நிரந்தரத் தொழிலாளிக்கே ஒரு பேருக்காக இத்தனை பாடு என்றால், எந்த ஏட்டிலும் பேர் இல்லாத பாலசோர்ப் பையன் எங்கே போய் உட்காருவான்? நிரந்தரத் தொழிலாளி வாசலில் உட்காரும்போது உள்ளே யந்திரத்தை ஓட்டப் பேரில்லாத கைகள் தயாராக இருக்குமானால், அந்த வேலைநிறுத்தம் எத்தனை நாள் தாங்கும்? தொழிற்சங்கத் தலைவர்களும் இதை யோசிக்க வேண்டும். 'உழைக்கும் வர்க்கமே' என்று தமிழில் மட்டும் கூப்பிட்டால் பாதி வர்க்கத்துக்குக் காது கேட்காது. ஒரியாவிலும் வங்காளியிலும் இந்தியிலும் ஒரு நோட்டீசு அடிக்கக்கூட முடியாதவர்கள் உலகத் தொழிலாளரை எப்படி ஒன்று சேர்ப்பார்கள்?

மூன்றாவது வாதம்: நாம் அவர்களை நன்றாகத்தான் வைத்திருக்கிறோம், 2023-ல் பார்க்கவில்லையா?

பார்த்தேன். அந்த வருஷம் மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்ப் படங்கள் பரவின. ஜனங்கள் பயந்து ரயிலேறினார்கள். நம் போலீசார் அவை பொய் என்று இந்தியில் சொன்னார்கள். பொய் பரப்பினவர்கள் மீது வழக்குப் போட்டார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தமிழனின் நல்ல பேர் காப்பாற்றப்பட்டது. எனக்கும் பெருமைதான். ஆனால் என் மனச்சாட்சி ஒன்று கேட்டது: ஒரு வாரத்துக்குள் இத்தனை அக்கறை எங்கிருந்து வந்தது? அதில் மனிதாபிமானம் எவ்வளவு, யந்திரம் நின்றுவிடுமே என்ற பயம் எவ்வளவு? உயிருக்கு ஆபத்து என்றதும் ஓடிவந்த ஜாக்கிரதை, விரலுக்கு ஆபத்து என்றால் ஏன் வருவதில்லை? ஆள் வரத்து நின்றுவிடாமல் காப்பது வேறு. வந்த ஆளின் உரிமையைக் காப்பது வேறு. முன்னதை நாம் அழகாகச் செய்தோம்.

நாடு முழுவதுமே இந்த லட்சணம்தான். 2020-ல் ஊரடங்கு போட்டபோது லட்சோப லட்சம் பேர் சாலைகளில் நடந்தார்கள். அந்த வருஷம் செப்டம்பரில் அப்படிப் போனவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று பார்லிமெண்டில் கேட்டதற்கு, கணக்கு இல்லை என்று பதில் வந்தது. எண்ணப்படாதவன் செத்தால் அவன் செத்ததும் எண்ணப்படுவதில்லை.

*

என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். பெரிய புரட்சி ஒன்றும் கேட்கவில்லை. பத்துப் பேர், ஐம்பது பேர் என்ற வேலிகளைத் தூக்கி எறிந்துவிட்டு, தொழிற்சாலைக் கதவுக்குள் காலடி வைக்கிற ஒவ்வொருவன் பேரையும் அந்தத் தொழிற்சாலையே தன் ஏட்டில் எழுதட்டும். கூலிச் சீட்டு அவன் தாய்மொழியில் இருக்கட்டும். அதே யந்திரத்துக்கு அதே கூலி. விரல் போனால் டேகேதாரைத் தேடாமல், யந்திரத்தின் சொந்தக்காரன் பதில் சொல்லட்டும். அடையாள அட்டையைப் பிடித்து வைத்துக்கொள்கிறவனை ஜெயிலுக்கு அனுப்பட்டும். அனுப்புகிற ஒரிஸ்ஸா, பீகார், வங்காள சர்க்கார்களும் வாங்குகிற தமிழ்நாட்டு சர்க்காரும் உட்கார்ந்து பேசி ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளட்டும். தென்கிழக்கு ஆசியாவில் பத்துத் தனித்தனி தேசங்கள், ஒன்றுக்கொன்று எத்தனையோ தகராறு உள்ளவை, 2017-ல் மணிலாவில் கூடிப் புலம்பெயர்ந்த தொழிலாளரைப் பற்றி ஒரு பொது உடன்பாட்டில் கையெழுத்திட்டன. அவர்கள் சொன்னபடி நடக்கிறார்களா என்பது வேறு விஷயம். ஒரு மேஜையைச் சுற்றி உட்காரவாவது முடிந்தது. ஒரே தேசத்து மாநிலங்களுக்கு அந்த மேஜை கிடைக்கவில்லையா?

ஸ்ரீபெரும்புதூர் உடையவர் அவதரித்த ஊர். தமக்கு மட்டும் சொல்லப்பட்ட மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி ஊருக்கெல்லாம் சொன்னவர் என்கிறது குருபரம்பரை. சொந்த தேசத்தில் இருக்க முடியாமல் மேல்கோட்டைக்குப் போய், வேற்று மொழிக்காரர் மத்தியில் வருஷக்கணக்கில் வாழ்ந்தார். பூரி ஜகந்நாதத்துக்கும் யாத்திரை போனார். அவரை அந்த ஊர்க்காரர்கள் 'தெற்கத்தியான்' என்று ஒதுக்கியிருந்தால் நமக்கு எப்படி இருக்கும்? இன்று ஜகந்நாதத்துப் பையன் உடையவர் ஊருக்கு வந்திருக்கிறான். நாம் அவனுக்கு என்ன மந்திரம் சொல்லிக் கொடுத்தோம்?

நண்பருக்கு உபதேசம் செய்யும் யோக்கியதை எனக்கு உண்டா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். 2014 ஜூன் 28-ல் மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டிடம் இடிந்து 61 பேர் புதைந்தபோது, அவர்களில் பலர் ஆந்திராவிலிருந்தும் ஒரிஸ்ஸாவிலிருந்தும் வந்தவர்கள் என்று படித்து வருந்தினேன். வருந்தினபடியே இரண்டு வருஷம் கழித்து ஒரு பிளாட் வாங்கினேன். அதற்குத் தரை போட்டவன் ஒரு வங்காளிப் பையன். மூன்று வாரம் என் வீட்டில் மண்டியிட்டு வேலை செய்தான். என் மனைவி கொடுத்த மோரைக் குடித்தான். அவன் பேர் எனக்குத் தெரியாது. 'பாய்' என்று கூப்பிட்டேன். மனித மனத்தின் ஆழங்களை எழுதுவதாகச் சொல்லிக்கொள்ளும் நாவலாசிரியனுக்கு, தன் காலடியில் மண்டியிட்டிருந்தவனின் பேரைக் கேட்கத் தோன்றவில்லை. நண்பரைப் போலவே நானும் இரண்டு கண்களைத் தனித்தனியே வைத்திருந்தவன்தான். ஆகையால் இந்தக் கட்டுரையை அவருக்கு எழுதினதாக மட்டும் அவர் நினைக்க வேண்டாம்.

அவருக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். ஐயா, உங்கள் மனையில் ஒரு நாள் வீடு கட்டப்போகிறீர்கள். செங்கல் சுமக்க வருகிறவன் அநேகமாக அந்த 'வடக்கத்தியான்'தான். மேஸ்திரி தலைக்கு இவ்வளவு என்று உங்களிடம் கணக்குக் கேட்பான். தலையை எண்ணிப் பணம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடாதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள். அவனுடைய பேர், தகப்பனார் பேர், ஊர்ப் பேர் மூன்றையும் அவனிடமே கேட்டு உங்கள் கையால் எழுதுங்கள். எதிரில் அன்றாடக் கூலியை எழுதி, அதை அவன் கையிலேயே கொடுங்கள்.

பேரை முழுசாக எழுதுங்கள். அரைப் பேர் வேண்டாம்.